ஏட்டையா போட்ட கோஷம்

என் வீட்டுக்காரர் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி வருஷங்களில் பதவி உயர்வு வந்து பெரிய பெயரோடுதான் வெளியே வந்தார். ஆனாலும் பாளையங்கோட்டையில் அவரை இன்றைக்கும் ஏட்டையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் சம்பளம் வாங்கி எந்த உத்தியோகமும் பார்த்ததில்லை. ஆனால் காக்கி உடுப்புக்குக் கஞ்சி போட்டிருக்கிறேன். திருவிழா பந்தோபஸ்துக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்று தெரியாமல் சோற்றை மூடி வைத்திருக்கிறேன். போலீஸ் குடியிருப்பில் தண்ணீருக்குச் சண்டை போட்டுப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். அதனால் அவருடைய பென்ஷனில் பாதி எனக்கு உண்டு என்பது என் கட்சி. அதை அடிக்கடி சொல்லவும் செய்வேன். சொன்னால் அவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுப்பார்.

அவருக்குப் பதில் தெரியாவிட்டால் துணி தேய்ப்பார். கோபம் வந்தாலும் அதுதான், கவலை வந்தாலும் அதுதான். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டில் தேய்க்காத துணி என்று ஒன்றுகூடக் கிடையாது. அடுப்படியில் பாத்திரம் இறக்குகிற கரித்துணிக்குக்கூட விறைப்பாக மடிப்பு இருக்கும்.

எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது வயசாகிறது என்று விட்டுவிட்டேன். பிறகு மார்க்கெட்டில் இருந்து வீட்டுக்கு வருவதற்குள் நடுவில் இரண்டு கடை வாசலில் நின்று, வேண்டாத சாமானுக்கெல்லாம் விலை கேட்கிற மாதிரி பாவனை செய்து மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, ஆபரேஷன் செய்து மாற்ற வேண்டும், ரொம்ப நாள் தள்ளிப்போடக் கூடாது என்றார். நாங்கள் பெரிதாகப் பயப்படவில்லை. மருத்துவக் காப்பீட்டுக்கு என்று மாதாமாதம் பென்ஷனில் பிடிக்கிறார்கள். அவருக்கும் எனக்கும் சேர்த்து அட்டை இருக்கிறது. அதை அவர் பர்ஸில் முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்.

நாங்கள் போன மருத்துவமனையில் ஒரு பெண் அந்த அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். யாருக்கோ போன் செய்தாள். இந்த ஆபரேஷனுக்கு இது செல்லாதாம் என்றாள். பட்டியலில் இருக்கிற ஆபரேஷன் வேறு, டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பது வேறு என்று காப்பீட்டுக் கம்பெனியில் சொல்கிறார்களாம். முதலில் நாங்கள் பணத்தைக் கட்டிச் செய்துகொண்டு, பிறகு எழுதிப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வீட்டை விற்றால்தான் கட்ட முடிகிற பணம் அது. அவர் அட்டையை வாங்கி மறுபடியும் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தார். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து, என் கல்யாணப் புடவை உட்பட எல்லாவற்றையும் எடுத்துத் தேய்த்தார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

மார்க்கெட் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஓய்வூதியர் சங்கம் இருக்கிறது. வேலையில்லாத பெருசுகள் கூடி டீ குடிக்கிற இடம் என்று அதுவரை கேலி பேசியவர் இவர். சேரச் சொல்லிப் பல பேர் வீட்டுக்கு வந்து கூப்பிட்டும் போகவில்லை. போலீஸ்காரன் கோஷம் போடக்கூடாது என்பார். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். கோஷம் போட்டால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு பயம். வேலை நாளெல்லாம் விதிப்புத்தகத்துக்குப் பயந்தே வாழ்ந்த மனுஷன். ஓய்வு பெற்றால் மட்டும் அந்தப் பயமும் ஓய்வு பெற்றுவிடுமா என்ன?

கடைசியில் நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டு என்றால், படியில் நான் நின்று நின்று ஏற, அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சங்கச் செயலாளர் முக்கூடல் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர். ஒல்லியான உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய குரல். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாரும் வே ஏட்டையா. முன்ன நாங்க ஸ்டிரைக் பண்ணும்போது என்னையக் கையப் புடிச்சு பஸ்ல ஏத்துனது நீருதான். ஞாபகம் இருக்கா?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "டியூட்டி" என்றார்.

"ஏத்தும்போது என் செருப்பு ஒண்ணு கீழ விழுந்துட்டு. அதைப் பொறுக்கி ஜன்னல் வழியாத் தந்தீரு. அதுவும் டியூட்டியா வே?"

அதற்கு இவரிடம் பதில் இல்லை. அங்கே இஸ்திரிப் பெட்டியும் இல்லை. அதனால் லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான், இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள். டீயும் வந்தது.

என் ஒருத்திக்கு மட்டும் வந்த வினை இல்லை இது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்த டீச்சர் ஒருவர் இரண்டு முழங்காலையும் மாற்ற வேண்டும் என்று ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். ஒரு முழங்காலுக்குத்தான் அனுமதி என்று சொல்லியிருந்தார்களாம். ஒரு காலில் நொண்டியடித்து விளையாடுகிற வயசா எனக்கு என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மற்ற நாளெல்லாம் சங்கத்துக்கு வந்துவிடுவார்.

இப்படி மறுக்கப்பட்ட சிகிச்சைகளை மறுபடி பார்த்து முடிவு சொல்ல மாவட்டத்தில் ஒரு குழு உண்டு. அந்தக் குழு கூட்டம் போடவே இல்லை. குழுவைக் கூட்டுங்கள், பென்ஷனில் பிடித்த காசுக்குச் சிகிச்சை கொடுங்கள் என்று சங்கம் மனு மேல் மனு போட்டுப் பார்த்து ஓய்ந்து, மறியல் என்று முடிவெடுத்திருந்தது. செயலாளர் கோஷமும் எழுதி வைத்திருந்தார். "காசைப் பிடிக்கத் தெரியுது, காப்பீடு கொடுக்கத் தெரியலையா" என்று ஆரம்பிக்கும்.

அந்த வாரம் முழுக்க இவர் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அந்தக் கோஷத்தைப் பழகினார். ஆயுதப்படை மைதானத்தில் இந்த மூலையில் நின்று கத்தினால் அந்த மூலையில் இருக்கிறவன் கால் மாற்றுவான், அப்படிப்பட்ட குரல் அவருடையது. ஆனால் கோஷம் மட்டும் தொண்டையில் இருந்து இறங்கி வாளிக்குள் விழுகிற மாதிரிதான் கேட்டது. நான் கதவுக்கு வெளியே நின்று, கேட்கவில்லை, இன்னும் சத்தமாக என்பேன். உள்ளே குழாய் இன்னும் வேகமாகத் திறக்கும்.

மறியலுக்கு நான் வரக்கூடாது என்றார். யாருடைய நெஞ்சுக்காக மறியலோ அவள் வீட்டில் படுத்துக் கிடக்க, மற்றவர்கள் வெயிலில் நிற்பதா என்று கேட்டேன். மதிய மாத்திரையைச் சட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். கிளம்பிவிட்டோம்.

கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்னால், ஆற்றுப் பாலத்துக்குப் போகிற ரோட்டில் கூடினோம். ராதாபுரத்தில் இருந்தெல்லாம் விடியற்காலை பஸ் ஏறி வந்திருந்தார்கள். மறியல் செய்ய வந்த கூட்டம் மாதிரியே இல்லை. கல்யாண வீட்டில் சந்தித்துக்கொள்கிற மாதிரி ஒருவருக்கொருவர் சர்க்கரை எவ்வளவு, பேரன் எங்கே படிக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை ஊன்றுகோலால் தார் ரோட்டில் ஒரு கோடு காட்டி, குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால் என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். ரோட்டை மறித்த கூட்டம் அத்தனை ஒழுங்காக நின்று நான் வேறெங்கும் பார்த்ததில்லை. செயலாளர் கோஷம் எடுத்துக் கொடுத்தார், எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். நான் பக்கவாட்டில் பார்த்தேன். இவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்தது. இளவட்டப் பிள்ளைகள். எல்லோரையும் கைது செய்வதாகச் சொல்லி ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைமை ஆசிரியைதான் முதலில் போனார். பஸ்ஸின் முதல் படி உயரம், முழங்கால் மடங்கவில்லை. இவர் வரிசையை விட்டு வெளியே போய், டீச்சர் கையைப் பிடித்து, பைய ஏறுங்க என்று தூக்கிவிட்டார். அடுத்து வந்தவருக்கும் கை கொடுத்தார். அதற்கடுத்தவருக்கும். நாலைந்து பேர் ஏறுவதற்குள் அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது. குரல் மாறிவிட்டது. "உள்ள போங்க, உள்ள போங்க. வாசல்ல நிக்காதீங்க. பையை மடியில வச்சுக்கோங்க" என்று ஒவ்வொருவராக ஏற்ற ஆரம்பித்தார். ஒட்ட வெட்டிய முடியும், தேய்த்த சட்டையும், அந்த நிற்பும் பார்த்து, மஃப்டியில் வந்திருக்கிற அதிகாரி என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள் போல. விறைப்பாக ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். என்னையும் அவர்தான் ஏற்றினார். என் முகத்தைப் பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

எல்லோரும் ஏறியானதும் ஒருமுறை தலையை எட்டி உள்ளே பார்த்தார். கதவைச் சாத்தினார். பஸ்ஸின் பக்கவாட்டில் கையால் இரண்டு தட்டு தட்டி, "போலாம், ரைட்" என்றார்.

பஸ் கிளம்பிவிட்டது.

நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ரோட்டின் நடுவில் காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொன்ன வேலையைச் சுத்தமாக முடித்த திருப்தியோடு நின்றார். பஸ் பாலத்தில் ஏறுகிற இடத்தில்தான் அவருக்கு உறைத்தது. கை அவிழ்ந்தது. வாய் திறந்தது. பஸ்ஸைப் பார்த்து நாலு எட்டு ஓடி வந்தார். அதற்குள் நாங்கள் ஆற்றுக்கு மேலே போய்விட்டோம். பஸ்ஸுக்குள் எழுந்த சிரிப்பை என்னவென்று சொல்ல. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "திரும்பவும் என்னைய ஏத்திட்டாம்மா உன் வீட்டுக்காரன்" என்றார். நான் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தலைமை ஆசிரியை பயந்துபோய் என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே அவரும் சிரித்தார்.

எங்களைக் கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கினார்கள். கைதானவர்களைச் சாயங்காலம் வரைக்கும் மண்டபத்தில் வைத்திருந்து விட்டுவிடுவது இங்கே வழக்கம். முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடாமல் நின்றது. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சிவப்பு நாற்காலிகள் அப்படியே கிடந்தன. முழங்கால் முடியாதவர்கள் முறைவைத்து அதில் உட்கார்ந்துகொண்டார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரத் தம்பி பெயர் எழுதினான். என்னிடம் கணவர் பெயர் கேட்டான், சொன்னேன். அவர் எங்கே என்றான். எங்களையெல்லாம் கைது செய்துவிட்டுக் கொக்கிரகுளத்தில் நிற்கிறார் என்றேன்.

எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலம் வந்த நேரத்தில் அவரும் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். கம்பிக் கதவைப் பூட்டியிருந்தார்கள். என்னையும் கைது செய்யுங்கள் என்று கேட்டார். அந்தத் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஐயா, எத்தனை பேருன்னு மேல சொல்லியாச்சு. நீங்க வீட்டுக்குப் போங்க. நீங்க என்ன குத்தம் செஞ்சீங்க? மறியலைக் கலைக்க எங்களுக்கு ஒத்தாசைதான செஞ்சீங்க."

நான் கதவுப் பக்கம் போனேன். வாழ்நாளெல்லாம் ஆட்களை உள்ளே தள்ளிப் பூட்டியவர் இப்போது வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே நான் நின்றேன். எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஏட்டி, மாத்திர என் பையிலல்லா இருக்கு" என்றார். கம்பி வழியாக நீட்டினார். பஸ்ஸைத் துரத்தி ஓடிய வியர்வையில், அவர் தேய்த்த சட்டை கசங்கிப் போயிருந்ததை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். நான் மாத்திரையை விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். மாத்திரைதான் கொடுத்தாகிவிட்டதே, கிளம்புங்கள் என்று அந்தத் தம்பி மரியாதையாகத்தான் சொன்னான்.

அப்போதுதான் அவர் கோஷம் போட்டார்.

இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, மைதானத்துக் குரலை எடுத்தார். செயலாளர் எழுதிக் கொடுத்தது, குளியலறையில் பழகியது எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன் வேணும்!"

கோஷம் என்று ஒன்று காதில் விழுந்தால் திருப்பிச் சொல்லிவிடுகிற பழக்கம் எங்கள் கூட்டத்துக்கு. சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும், யோசிக்காமல், கையை உயர்த்தி, ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன் வேணும். கணவனை இழந்த பெண்கள் சொன்னார்கள். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார். கல்யாணமே செய்துகொள்ளாத தலைமை ஆசிரியை ஊன்றுகோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கே தெரிந்தது. சிரிப்பு எழும்பியது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. கண் கலங்க மறுபடியும் அதையே சொன்னார். இந்தத் தடவை எல்லோரும் தெரிந்தே திருப்பிச் சொன்னார்கள். மண்டபத்துக் கூரைத் தகடு அதிர்ந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் என்னை அவர் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அவருக்கு நான் எவ்வளவு வேண்டும் என்று ஊருக்கே சொல்லிவிட்டார்.

பேச்சுவார்த்தைக்காக வந்த வருவாய்த்துறை அதிகாரி, நடுவயசுப் பெண், ஜீப்பில் இருந்து இறங்கும்போதே இதைக் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், யாருடைய மனைவிக்கு ஆபரேஷன் என்று கேட்டார். நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். என்னை முன்னால் வந்து உட்காரச் சொன்னார். எனக்கு என்ன செய்கிறது, யார் என்ன சொன்னார்கள் என்று முழுக்கக் கேட்டார். பிறகு தலைமை ஆசிரியையின் முழங்காலைப் பற்றிக் கேட்டார். குழுவை உடனே கூட்டுவதாக மேலே இருந்து சொல்லியிருக்கிறார்கள், இந்த மனுக்களை நானே எடுத்து வைக்கிறேன் என்றார். செய்கிறேன் என்று சொன்னதை அந்த அம்மா செய்யவும் செய்தார்.

சாயங்காலம் எங்களை விடும்போதுதான் இவரை உள்ளேயே விட்டார்கள். பெயர் எழுதாமல் போகமாட்டேன் என்று அடம் பிடித்தார். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே கடைசியில் எழுதிக்கொண்டான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இவர் நகர்ந்தார்.

அடுத்த பென்ஷன் நாள் வரும்வரை மட்டும் அவருக்குத் தூக்கம் இல்லை. நானும் கேலி செய்யவில்லை. அன்றைக்குக் காலையில் போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. பேங்கில் இருந்து மெசேஜ், பென்ஷன் எப்போதும் போல வந்திருந்தது. "ஏட்டி, ஒண்ணும் செய்யல. போட்டுட்டான்" என்றார். பிறகு எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்று, குழாயைத் திறக்காமலே, செயலாளர் எழுதிய கோஷத்தை முழுசாக ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

என் ஆபரேஷனுக்கு அனுமதி வந்தது. வால்வை மாற்றினார்கள். இப்போது வீடு அமைதியாக இருந்தால் என் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று சன்னமாகக் கேட்கும். கடிகாரத்தை விழுங்கியவள் மாதிரி இருக்கிறேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற சாக்கில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நேரம் சரியாகக் காட்டுகிறதா என்று நான் கேட்பேன். பதில் வராது. ஆனால் இஸ்திரிப் பெட்டியையும் எடுப்பதில்லை.

தலைமை ஆசிரியைக்கு ஒரு முழங்கால் முடிந்தது. இரண்டாவதற்கு மறுபடியும் இழுக்கிறார்கள். அதனால் இந்த மாதம் மறுபடியும் கொக்கிரகுளத்தில் கூடினோம். டாக்டர் எனக்கு நடக்கலாம் என்று சொல்லியிருந்தார், மறியல் செய்யலாமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தத் தடவை கோஷம் எடுத்துக் கொடுத்தது இவர்தான். "டீச்சர் முழங்கால் டீச்சருக்கு வேணும்" என்று ஆரம்பித்தார். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனால் எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்.

பஸ் வந்தது. நான் யார் கையையும் பிடிக்காமல் ஏறினேன், மூச்சு வாங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் என் பையை வைத்து இடம் பிடித்தேன். வெளியே அவர் குரல் கேட்டது, உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க என்று ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஏறிய பிறகு அவர் ரோட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு படியில் கால் வைத்து ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார், உள்ளே இருந்து.

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.